கம்பெனி ஆடாத ஆட்டம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. போன வியாழக்கிழமை காலை பிரென்ட் வாஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். பதில் ஒரே ஒரு பெயர்தான். அதைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். இதற்கு முன் நான் எழுதியதிலேயே நீளமானது, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி நகராட்சிக்குப் போட்ட புகார். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

என் பெயர் க்ளெண்டா. ரீனோவில் 'சில்வர் மியூல்' என்கிற சூதாட்டக்கூடத்தில், போக்கர் அறையில் சீட்டுப் போடுகிற வேலை. ஆடுவதில்லை, போடுவது மட்டும். வாஸ் அங்கே காசு போட்டுப் பொத்தானை அமுக்கி ஆடுகிற ஸ்லாட் இயந்திரங்களுக்கெல்லாம் தலைவர்.

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டை மறைக்க விரும்பவில்லை.

மலையில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் —

(இல்லை. பனி போன மாதமே முடிந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில் தொடங்குகிறார்கள், இல்லையென்றால் பாலைவனத்தில். நாங்கள் பெரும்பாலும் கார் நிறுத்துமிடத்தில்தான் இருக்கிறோம்.)

போக்கரும் வாழ்க்கையைப் போலத்தான், அதில் —

(அடித்துவிட்டேன். மேஜையில் யாராவது இப்படிப் பேசத் தொடங்கினால் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.)

தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை —

(பொய். அந்தப் பெயருக்கு உரியவருக்கு எல்லாமே தெரியும். அதுதான் இந்தக் கதையில் எனக்குள்ள தொல்லை.)

ஆகவே முதல் வரி இல்லாமல் நேரே இரண்டாம் பகுதிக்குப் போகிறேன்.

2

பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெயருக்காக இவள் ஏன் இத்தனை அலட்டிக்கொள்கிறாள் என்று நினைப்பீர்கள். கணக்கு பிடிக்காதவர்கள் மூன்றாம் பகுதிக்குத் தாவிவிடலாம். எங்கள் ஊர் நடப்பதே கணக்கு பிடிக்காதவர்களால்தான், அவர்களுக்கு என் நன்றி.

சுழல் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முப்பத்தெட்டுக் குழிகள். உங்கள் எண்ணில் பந்து விழுந்தால், குழிகள் முப்பத்தாறுதான் என்பதுபோலக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பார்கள். மீதி இரண்டு குழிகளில் கம்பெனி, அதாவது சூதாட்டக்கூடம், குடும்பம் நடத்துகிறது. இருபத்தொன்று என்கிற சீட்டாட்டத்தில், அந்த எண்ணிக்கையைத் தாண்டி முதலில் அழிகிறவர் நீங்கள். பிறகு கம்பெனியும் தாண்டி அழிந்தாலும் உங்கள் காசு திரும்பாது. ஸ்லாட் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்குச் சம்பளம் இல்லை, கால்வலி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. அதன் வயிற்றுக்குள் இருக்கிற கணக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படுவதும் இல்லை.

போக்கரில் மட்டும் கம்பெனி ஆடுவதே இல்லை. எல்வுட்டின் காசை மார்செல் ஜெயிப்பார், மார்செலின் காசை எல்வுட் ஜெயிப்பார். நாற்காலிக்கும் விளக்குக்கும் எனக்கும் சேர்த்து வாடகையாக, நடுவில் குவிகிற பணத்திலிருந்து கம்பெனி ஒரு கமிஷன் எடுத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு. ஆனால் நான்கு டாலருக்கு மேல் எடுக்கக் கூடாது, குவியல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். அந்த நாலு டாலரை மேஜையில் இருக்கும் துளை வழியாக நான் கீழே பெட்டிக்குள் தள்ளுவேன்.*

* இன்னொரு விதியும் இருக்கிறது. மேஜை நடுவில் முதல் மூன்று சீட்டுகளைத் திறந்தால்தான் கமிஷன். அதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டால் கம்பெனிக்கு ஒரு பைசா கிடையாது. இந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அடுத்த பகுதி முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

ஆக, கம்பெனிக்குத் தோல்வியே இல்லாத ஆட்டம் இது. அதனாலேயே பெரிய வருமானமும் இல்லை. நாங்கள் இருக்கிற தரையில் நாற்பது இயந்திரங்களை நிறுத்தினால் பல மடங்கு வரும். வாஸ் எங்கள் அறைக்கு வரும்போதெல்லாம் எங்களைப் பார்ப்பதில்லை. தரையைப் பார்ப்பார்.

3

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் அறை மேலாளர் லடோனா மேலிடத்துக் கூட்டத்திலிருந்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மாதக் கடைசிக்குள் வருமானம் ஏறாவிட்டால் அறையை மூடிவிடுவார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. "எனக்கு இனிமே யாரு வேலை குடுப்பா, க்ளெண்டா?" என்று என்னிடம் கேட்டாள். பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் பேச்சை மாற்றினேன்.

எங்கள் காலை ஆட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எல்வுட் டாக்கெட் மலைப்பாதையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். மார்செல் பாஸ்க் இனத்து ஆட்டுப்பண்ணைக்காரர், காலை பத்து மணிக்கே பிக்கான் என்கிற கசப்பு மதுவைக் குடிக்கிறவர். இவர்கள் இருவரும்தான் மேஜையின் நாட்டாமைகள். கம்பெனியின் கமிஷனைத் தவிர்ப்பதற்கு இவர்களுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் காசு வைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் ஆட்டத்திலிருந்து விலகிச் சீட்டை எறிந்துவிட்டு அந்த இருவர் மட்டும் மிஞ்சினால், அவர்கள் ஆடமாட்டார்கள். "பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டு அவரவர் காசை எடுத்துக்கொள்வார்கள். மூன்று சீட்டு திறக்காததால் கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. இதில் அவர்களுக்கு ஜெயித்த சந்தோஷத்தைவிடப் பெரிய சந்தோஷம்.

லடோனா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ரூமை மூடப் போறாங்க. இந்த ஒரு மாசம் மட்டும் காசைப் பிரிச்சுக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். ஆடுங்க. மூணு சீட்டு திறந்தாத்தான் எங்களுக்கு ஏதாவது விழும்."

எல்வுட் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"இதுக்குப் போய்க் கெஞ்சணுமா, லடோனா? இது எங்க ரூம். நாங்க பாத்துக்கறோம்."

"செத்தாலும் பிரிச்சுக்க மாட்டோம்," என்றார் மார்செல்.

சீட்டுப் போட்டேன். ஏழு பேர் வரிசையாக எறிந்தார்கள். மிஞ்சியது, கட்டாயக் காசு வைத்திருந்த எல்வுட்டும் மார்செலும். லடோனா இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

"என்ன வச்சிருக்க?" என்றார் எல்வுட்.

"பாக்கவே இல்ல."

"நானும்தான். இப்ப திறந்தா கம்பெனிக்கு எவ்வளவு போகும்?"

"இந்தச் சின்னக் குவியல்ல என்ன போகும்? ஒரு டாலர் தேறினா அதிகம்."

"ஒரு டாலர்னாலும் டாலர்தானே."

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீண்டு அவரவர் காசை இழுத்துக்கொண்டன.

"யோவ்!" என்று கத்தினாள் லடோனா.

"பழக்கம்மா," என்றார் எல்வுட். நிஜமாகவே முகம் சிவந்துவிட்டது. "நாளைலேர்ந்து பாரு."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். மறுநாள் அவர்கள் பிரித்துக்கொள்ளவே இல்லை. இருவர் மட்டும் மிஞ்சியபோது எல்வுட் சீட்டை எறிந்துவிட்டார், மார்செல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மூன்று சீட்டு திறக்கவில்லை. அடுத்த முறை மார்செல் எறிந்தார். யாரும் யாரிடமும் எதுவும் பேசிவைக்கவில்லை, முறை தானாக அமைந்துவிட்டது. நாளின் முடிவில் எங்களைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு எழுந்து போனார்கள். பெட்டி முந்தின நாளைவிட லேசாக இருந்தது.

இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று அடித்திருப்பேன்.

4

இப்போது வெர்னா.

முதல் பிரதியில் அவரை இப்படி எழுதியிருந்தேன்: எல்வுட்டின் மனைவி வெர்னா காபிக் கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பளி பின்னிக்கொண்டே கணவனின் ஆட்டம் முடியக் காத்திருப்பார். அவருடைய ஊசிகளின் —

இந்த வெர்னாவை எல்வுட்தான் எனக்குக் கொடுத்தார். "என் வீட்டுக்காரி காபிக் கடைல புஸ்தகம் படிச்சிக்கிட்டிருக்கா" என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார். கம்பளியை நான் சேர்த்தேன். எழுதி முடித்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையைக் கூரைக்குக் காட்டினேன். மேஜையை விட்டு எழும்போது எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று கேமராவுக்குக் காட்டுவதற்காக நாங்கள் செய்வது. என் சமையலறையில் கேமரா இல்லை. இருந்தும் காட்டிவிட்டேன், அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது.

நான் நேரில் பார்க்கிற வெர்னா வேறு. இடைவேளையில் பின்வாசலுக்குப் போகும் வழியில், தெற்கு வரிசை இயந்திரங்களைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே ஒரு தூணுக்குப் பின்னால், எங்கள் அறையிலிருந்து பார்த்தால் தெரியாத இயந்திரத்தில், தினமும் அவர் உட்கார்ந்திருப்பார். பொத்தானை அமுக்கும் விரல் மட்டும் அசையும். முதல் முறை என்னைப் பார்த்ததும் விரல் நின்றது. நான் எதுவும் பார்க்காததுபோல் நடந்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம்.

எல்வுட்டுக்கு ஸ்லாட் ஆடுகிறவர்கள் என்றாலே இளக்காரம். "பொத்தானை அமுக்கறவன் எல்லாம் கம்பெனிக்கு மொய் எழுத வந்தவன்" என்று மேஜையில் அடிக்கடி சொல்லுவார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் சீட்டைக் கலைப்பதில் ரொம்பக் கவனமாக இருப்பேன்.

சரி, வாஸின் கேள்வி. அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. மரியாதையானவர். முட்டாளும் இல்லை.

"க்ளெண்டா, உங்க ரூம்ல தரைவிரிப்பு மாத்தறதுக்காக ரெண்டு நாள் மூடியிருந்தோம் இல்லையா?"

"ஆமா."

"அந்த ரெண்டு நாளும் தெற்கு வரிசைல வருமானம் படுத்துடுச்சு. நீங்க திறந்ததும் எழுந்துடுச்சு. அப்படின்னா உங்க ரூமைத் தொட்டுக்கிட்டு யாரோ வர்றாங்க. வழக்கமா வர்றவங்க எல்லாரும் இயந்திரத்துல அவங்க பேர் அட்டையைச் செருகி ஆடுவாங்க, நமக்கும் ஆள் தெரியும். இவங்க அட்டை போடறதில்ல."

அட்டை போட்டால் சலுகைக் கடிதங்கள் வீட்டுக்கு வரும். தபாலை எடுப்பவர் எல்வுட். இதை நான் வாஸிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

"கேமரா இருக்கே, அதுல பாக்கலாமே," என்றேன்.

"பாத்தேன். ஒரே மாதிரி கோட்டு போட்ட முப்பது பாட்டிங்க தெரியறாங்க. எனக்கு ஒரே ஒரு பேர் போதும். போக்கர் ஆடறவரோட வந்து, ஸ்லாட்ல பணம் போடற ஒரு ஆள். அதை முதலாளிங்ககிட்டக் காட்டி, அந்த வருமானத்துல உங்க ரூமுக்கும் பங்கு இருக்குன்னு நான் சொல்லிடுவேன். ரூம் நிக்கும்."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கென்ன, ராணி மாதிரிப் பாத்துக்குவோம். அட்டை குடுத்து, சாப்பாடு குடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் போட்டு. வயசான காலத்துல யாரு அவங்களை இப்படிக் கவனிக்கப் போறா?"

உண்மையிலேயே அவர் அதை நல்ல காரியமாகத்தான் நினைத்தார். ஒரு போக்கர் அறையின் லாபம் போக்கர் அறையில் இல்லை என்று கண்டுபிடித்த சந்தோஷம் அவர் கண்ணில் தெரிந்தது. எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் லடோனாவுக்கும் எனக்கும் வேலை நிற்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

[இங்கே, கதை எழுதுகிறவரும் போக்கர் மேஜையில் உள்ள கம்பெனி மாதிரிதான், தான் ஆடாமல் அடுத்தவர் குவியலிலிருந்து பங்கு எடுக்கிறவர் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து எடுத்துவிட்டேன்.]

5

மறுநாள், வெள்ளிக்கிழமை, பின்வாசலில் நான் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வெர்னாவே வந்தார். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"வாஸ் உன்னைக் கூப்பிட்டாராமே, கண்ணு."

"யாரு சொன்னா?"

"காபி கொண்டுவர்ற பொண்ணு. என்ன கேட்டார்?"

"உங்க பேரை."

"குடுத்தியா?"

"இல்ல."

"குடுக்காத."

"பயப்படாதீங்க. எல்வுட்கிட்ட நான் சொல்ல மாட்டேன்."

"அவரு கிடக்கறார், விடு. என் பேரைக் குடுத்தா ரூம் நிக்கும், அப்படித்தானே?"

"அப்படித்தான் சொல்றார். உங்களுக்கு அட்டை குடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளும் போடுவாங்களாம்."

"அதான் குடுக்காதங்கறேன். மூடட்டும்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"மூடட்டும் கண்ணு. அவருக்கு இங்க ஆட்டம் இல்லன்னா நாங்க டவுனுக்கு வரவே மாட்டோம். நான் வீட்டுல இருந்துடுவேன். நானா நிறுத்திப் பாத்துட்டேன். புஸ்தகம் எடுத்துக்கிட்டு வந்து காபிக் கடைல உக்காந்தும் பாத்தேன். நாலு பக்கம் படிச்சா அஞ்சாவது பக்கத்துல காலு தானா எழுந்துக்குது. என்ன படிச்சேன்னு கேட்டாக்கூட எனக்குச் சொல்லத் தெரியாது."

அவர் என்னைப் பார்க்காமல் கார்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். கூரை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அவர் பெயரில்தான் வங்கியில் இருந்தது. மே மாதம் கூரைக்காரரை வரச் சொல்லியிருக்கிறார் எல்வுட். ஓடு என்ன நிறம் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. பணத்தில் பாதிக்கு மேல் தெற்கு வரிசையில் இருக்கிறது.

"அட்டை குடுப்பாங்கன்னியே, பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னியே," என்றார். "வேணாம் கண்ணு. யாரும் என்னைக் கண்டுக்காததாலதான் இப்பல்லாம் ஒரு மணி நேரம் போதும்னு எழுந்திருக்கவாவது முடியுது. பேர் சொல்லிக் கூப்பிட்டா நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

"மூடினா லடோனாவுக்கும் எனக்கும் வேலை போயிடும், வெர்னா."

"தெரியும். அதான் உன் மூஞ்சியப் பாக்காம கேக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சிகரெட்டை அணைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்தேன்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) வாஸிடம் பெயரைச் சொல்கிறேன். அறை நிற்கிறது. லடோனா என்னைக் கட்டிப் பிடிக்கிறாள். வெர்னாவுக்கு ஒரு அட்டை கிடைக்கிறது, கூடவே கோட்டு-டை போட்ட ஒரு பையன். அவருடைய பிறந்தநாள், முழங்கால் வலி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். இலவச மாட்டு இறைச்சி விருந்துக்குத் தம்பதியாக அழைக்கிறார்கள். எல்வுட் பெரிய துண்டாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டு சொல்கிறார்: "பாத்தியா வெர்னா? போக்கர் ஆடறவனுக்குக் கம்பெனி எவ்வளவு மரியாதை குடுக்குது பாரு."

(இது சிரிப்பாக வந்திருக்கிறது. நானே சிரித்தேன். பிறகு மே மாதம் கூரைக்காரர் வந்து கதவைத் தட்டுவதை எழுத வேண்டியிருந்தது, அங்கே நிறுத்திவிட்டேன்.)

ஆ) சொல்லவில்லை. அறையை மூடுகிறார்கள். எல்வுட்டும் மார்செலும் கார் கொட்டகையில் மேஜை போட்டு ஆடுகிறார்கள். கமிஷன் எடுக்க ஆளில்லை, ஏமாற்றுவதற்குக் கம்பெனியும் இல்லை, ஒரே வாரத்தில் ஆட்டம் அலுத்துப்போகிறது. வெர்னா வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் தக்காளி —

(தக்காளி என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது. யாரையாவது குணப்படுத்த வேண்டும் என்றால் கதைகளில் உடனே தோட்ட வேலை கொடுத்துவிடுகிறார்கள்.)

இ) சொல்லவில்லை. மூடுகிறார்கள். நாற்பது புது இயந்திரங்கள் வருகின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை வெர்னா எல்வுட்டிடம் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறி வருகிறார். எல்வுட்டின் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது ஒரு இயந்திரம். அதில் உட்கார்கிறார். திரும்பிப் போகும் பஸ்ஸை விட்டுவிடுகிறார். அடுத்ததையும்.

(இதை ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. அதனால் பயந்துபோய் எழுந்து நடந்தேன்.)

ஈ) வாஸிடம் வேறு யாரோ ஒரு கிழவியின் பெயரை —

(வெட்கம் கெட்டவளே.)

7

ஞாயிற்றுக்கிழமை எல்வுட்டும் மார்செலும் மீன் பிடிக்கப் போகிற நாள். வெர்னாவை வீட்டுக்குக் கூப்பிட்டு, இதுவரை நீங்கள் படித்ததை அவர் கையில் கொடுத்தேன். ஒருவரைப் பற்றி எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுக்கிற பைத்தியக்காரத்தனத்தை இனி செய்யமாட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து முடிக்கும்வரை நான் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்பளியை அடிச்சுட்ட, நல்லவேளை," என்றார் முதலில். "எனக்குப் பின்னத் தெரியாது."

"அப்புறம்?"

"லடோனா பாவம். எல்வுட்டை அச்சு அசலா எழுதியிருக்க. அந்தக் கூரை விஷயத்தை எடுக்க முடியாதா?"

"எடுத்தா கதையே இல்லையே."

"கதை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன." காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "நாலு முடிவு எழுதியிருக்க. ஒண்ணுலகூட நான் அவர்கிட்டச் சொல்றதா இல்லையே, ஏன்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையாகவே தோன்றவில்லை. வாஸ் என்ன செய்வார், நான் என்ன செய்வேன் என்றுதான் யோசித்தேனே தவிர, வெர்னா ஏதாவது செய்யக்கூடும் என்று ஒரு வரியில்கூட நினைக்கவில்லை.

"அந்தப் பஸ் வர்ற முடிவு," என்றார். "அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"தெரியல. தானா வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு. எந்தப் பஸ்ஸுன்னு நேரம்கூடப் பாத்து வச்சிருக்கேன்."

துடைத்த பாத்திரத்தை ஒருவழியாக அலமாரியில் வைத்தேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.

"ரூமை மூடினா சரியாயிடும்னு நேத்து வரைக்கும் நினைச்சேன்," என்றார் வெர்னா. "இதைப் படிச்சதும் அப்படித் தோணல. நாளைக்குக் காலைல வண்டில வரும்போது அவர்கிட்டச் சொல்லிடறேன்."

"இன்னிக்கு ராத்திரி வீட்டுலயே சொல்லலாமே?"

"வீட்டுல சொன்னா எழுந்து கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவார். நாப்பது வருஷமா அப்படித்தான். வண்டில எங்க போவார்? ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து கேட்டுத்தான் ஆகணும்."

"அப்ப அதையே முடிவா எழுதிடவா?"

"நடக்கறதுக்கு முன்னாடி எழுதாத," என்றார். கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "சொல்லாம விட்டுட்டேன்னா, அதையும் எழுதாத."

8

இன்று திங்கட்கிழமை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். என் வேலை தொடங்க இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன. வாஸ் உள்ளே எங்கள் அறை வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். "பதில் இருக்கா க்ளெண்டா?" என்றார். இதோ வந்துவிடுகிறேன் என்றேன்.

வெர்னா சொல்லிவிட்டிருந்தால் என் பதிலுக்கு இனி மதிப்பில்லை. எல்வுட் அவரை இங்கே கூட்டிக்கொண்டு வரமாட்டார், அந்தப் பெயரை வைத்து வாஸ் எதையும் காட்ட முடியாது, அறையும் போகும். சொல்லவில்லையென்றால் அந்தப் பெயர் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

எல்வுட்டின் வண்டி வந்துவிட்டது. வழக்கமான இடத்தில் இல்லை, தள்ளி, வேலிப் பக்கம் நிற்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது. இருவரும் இறங்கவில்லை. எல்வுட்டின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின்மேல் இருக்கின்றன. வெர்னா அவர் பக்கம் திரும்பி இருக்கிறார். பேசுகிறாரா, பையில் எதையாவது தேடிக்கொண்டிருக்கிறாரா, இங்கிருந்து தெரியவில்லை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? இப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்குள் ஓடுகிற ஆசை, அவர் இன்னும் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்பதுதான். அவர் கையை நான் பிடித்திருக்கிறேன், அவர் அழாமல் அழுததைப் பார்த்திருக்கிறேன், இருந்தும் அதுதான் ஆசை. எனக்கு இந்த வேலை வேண்டும். ஆகவே இந்தக் கதையை நான் முடிக்கக் கூடாது. முடித்தால் எனக்குச் சாதகமாகத்தான் முடிப்பேன், அதையும் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதிவிடுவேன்.

கூப்பிடுகிறார்கள். நான் உள்ளே போக வேண்டும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் இந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். இருவரும் சேர்ந்து இறங்கினாலும் சரி, இறங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாலும் சரி, பார்த்ததை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வெர்னா மட்டும் தனியாக இறங்கி, வண்டி போய்விட்டால், தயவுசெய்து அவரை உள்ளே விடாதீர்கள்.